முனையில் மஞ்சள்

காஞ்சிபுரத்துக் கோபுரங்களைக்கூட எண்ணிவிடலாம்; இணையத்தில் பட்டுப்புடவை விற்பவனுக்கு வரும் புகார்களை எண்ண முடியாது. புனேயிலிருந்து மறுபடியும் ஒரு புடவை திரும்பி வந்திருந்தது. அந்த ஒரு வாடிக்கையாளருக்கு மாற்றி மாற்றி அனுப்பியதில், கூரியர்காரர் பிள்ளையார்பாளையத்துக்கே குடிவந்துவிடுவார் போலிருந்தது.

"மொதல்ல கலர் மட்டம்னாங்க. அப்புறம் பார்டர் சின்னதுன்னாங்க. இப்ப என்னா எழுதியிருக்காங்க தெரியுமா?" மெயிலைப் படித்த, சபாபதியின் கூட்டாளி தயாளன், கம்ப்யூட்டரே ஆடும்படி மேசையைத் தட்டிச் சிரித்தான். "முனையில மஞ்சள் வைக்கலையாம்! ஏம்பா, புதுப்புடவைக்குக் கடைக்காரனா மஞ்சள் வைப்பான்? வீட்டுல அம்மா வைக்கிறதுபா அது! இனிமே திருப்பி எடுக்க மாட்டோம்னு எழுதிடட்டா?"

சபாபதி சிரிக்கவில்லை.

"எழுதாத. அம்மா வைக்கணும்னுதான் கேக்குது. அது என் பொண்ணு, தயாளா. புருஷன் பேர்ல வாங்கிக்கினு இருக்குது."

சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண். தயாளனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அப்போ, அண்ணி செத்துப்போனது அதுக்கு..."

"தெரியாது. யாரும் சொல்லக்கூடாதுன்னு சாவு அன்னிக்கு சொந்தக்காரங்ககிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன்."

சபாபதி மஞ்சளைக் குழைத்து, புடவையின் முனையில் தொட்டு வைத்தார். தறியிலேயே காய்த்துத் தடித்துப்போன விரல். பதிந்த தடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தயாளா, இது ஆம்பள விரல்னு கண்டுபிடிச்சிடுமா?"