தலைகீழாய் ஒரு தாயத்து

உல்கானின் விரல் ஒன்பதாவது மெத்தையின் மூலையில் போய் நின்றுவிட்டது.

வெள்ளி மோதிரம் போட்ட இடக்கை விரல். மாப்பிள்ளையின் அம்மா எந்த வேலையையும் அந்தக் கையால்தான் செய்வாள்.

"என்ன சம்பந்தி இது?"

எட்டு மெத்தைகளைப் பிரித்துப் பார்த்தும் சொல்வதற்கு ஒரு குறைகூடக் கிடைக்காமல் சோர்ந்துபோயிருந்த பெண்கள், டீக் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டுச் சரசரவென்று நகர்ந்து வந்தார்கள். மருமகள் கொண்டுவந்த சீரைப் பிரிக்கும் நாளில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காவிட்டால் தின்ற ஆட்டுக்கறி செரிக்குமா?

ஒன்பதாவதுதான் குராக். துண்டுத் துணிகளை முக்கோணமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, உள்ளே செம்மறிக் கம்பளி வைத்துத் தைத்த பெரிய மெத்தை. ஒவ்வொரு முக்கோணமும் ஒரு தாயத்து. நுனி மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் அதில் படுப்பவளைக் கண்ணேறு அண்டாது.

தொண்ணூற்றெட்டு மேலே பார்த்தன. சிவப்புத் துணி ஒன்று மட்டும் கீழே பார்த்தது.

ஜூராகான் நிதானமாகக் கிண்ணத்தில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள். மெத்தை அவள் தைத்தது. நாரின் ஆற்றுப் பக்கத்தில் ஏழு ஊர்க்காரர்கள் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அவளிடம்தான் வருவார்கள். முப்பது வருஷத்தில் ஒரு தையல் பிசகியதில்லை என்று பெயர். இன்றோ சொந்த மகளின் சீர்.

"பொண்ணு தைச்சதா இருக்கும்," என்றாள் மாப்பிள்ளையின் அத்தை பாத்மா. "மேல எது, கீழ எதுன்னு தெரியாததைத்தான் பார்த்துப் பார்த்துக் கட்டிட்டு வந்திருக்கோம் போல!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. மணப்பெண் பெகிமாயை மறைத்திருந்த திரை லேசாக அசைந்து நின்றது.

இந்த ஊரில் ஒரு கேலி ஒட்டிக்கொண்டால் சாகும்வரை போகாது. நாற்பது வயதிலும் பெகிமாய் 'தலைகீழ் மருமகள்'தான்.

அதைத் தைத்தது யார் என்று ஜூராகானுக்குத் தெரியும். பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் போதும், சிரிப்பு அப்படியே திசை திரும்பிவிடும். ஆனால் ஜூராகான் சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். இங்கே இருக்கப்போவது மகள்.

"என் கைதான்," என்றாள் கூடம் முழுக்கக் கேட்கும்படி. "பொண்ணு ஊசியவே தொடல."

பாத்மாவின் வாய் மூடிக்கொண்டது. உல்கான் விடவில்லை.

"உங்க கை தப்புமா சம்பந்தி? பரவால்ல, யாருக்கும் வர்றதுதான். அந்தக் கத்திரியக் கொடுங்கடி, ரெண்டே நிமிஷத்துல பிரிச்சு நேராக்கிடலாம்."

ஜூராகான் தன் உள்ளங்கையை விரித்து அந்தச் சிவப்பின் மேல் வைத்தாள்.

"பிரிக்க மாட்டேன். கைக்குழந்தை நெத்தியில கரி பூசறோமே, குழந்தை அழகா இல்லைன்னா பூசறோம்? வர்ற கண்ணெல்லாம் இதுல பட்டுக் கழியட்டும். பாருங்க, நீங்க பத்துப் பேர் உட்கார்ந்திருக்கீங்க, பத்துப் பேர் கண்ணும் இங்கதான் நிக்குது. என் பொண்ணை ஒருத்தியாவது பார்த்தீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அது ஜூராகான் பக்கம். ஒரு கிழவி தொடையைத் தட்டி, "அப்படிப் போடு!" என்றாள். தப்பு ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு தெம்பாக ஒருத்தி பேசி அவர்கள் பார்த்ததில்லை.

உல்கானுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஜூராகான் கையை எடுத்ததும் கத்திரியோடு குனிந்தாள். நூல் முனை எங்கே என்று தேடினாள்.

தேடியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மற்ற முக்கோணங்களில் எல்லாம் தையல் வலப்பக்கம் சாய்ந்து ஓடியது. இந்த ஒன்றில் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. மெல்ல நிமிர்ந்து ஜூராகானைப் பார்த்தாள். அவளோ உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள்போல், பொரித்த மாவுத் துண்டைப் பாலாடையில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

உல்கான் கத்திரியை மடியில் செருகினாள்.

"சம்பந்தி சொன்னதுதான் சரி. பாத்மா, இதைத் தூக்கி அடுக்குல எல்லாத்துக்கும் மேல வை. அந்த மூலை வெளிய தெரியட்டும்."

பாத்மா முகத்தைச் சுளித்தபடி மெத்தையை மடித்தாள்.

போன இலையுதிர் காலத்தில் தைத்தது அந்தச் சிவப்பு முக்கோணம். அன்று மாப்பிள்ளை வீட்டு விருந்தாளிகள் கிளம்பிய பிறகு பிரித்துவிடலாம் என்று ஜூராகான் ஊசியை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்புதான், ஆனால் ஆசையாகப் போட்ட தையல். ஊசியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

இப்போது உல்கான், மடித்த மெத்தையின் மூலையை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். பெண்ணை நிச்சயம் செய்து காதணி போட வந்த அன்று, "கொடுங்க சம்பந்தி, என் மருமக மெத்தையில நானும் ஒண்ணு தைக்கறேன்" என்று ஊசியைக் கேட்டு வாங்கிய அதே இடக்கையால்.