ஃபில்டரில் கட்டிய நூல்

சர்வீஸ் சென்டர் மேஜையில் அந்த ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டார் சௌடப்பன். எழும்பிய புழுதி மானேஜர் மாரிக்கண்ணனின் வெள்ளைச் சட்டையில் படிந்தது.

"என்னய்யா இது?"

"ஏர் ஃபில்டர் சார்."

"புதுசா, பழசா?"

மாரிக்கண்ணன் சட்டைப் புழுதியைத் தட்டினான்.

"போன வாரம் சர்வீஸுக்கு விட்டேன். புது ஃபில்டர் போட்டாச்சுன்னு காசு வாங்குனீங்க. இன்னைக்கு பஸ் ஸ்டாண்டைத் தாண்டல, வண்டி இழுக்க மாட்டேங்குது. பானட்டைத் தூக்கிப் பாத்தா, அதே பழைய சனியன் உள்ள உக்காந்திருக்கு."

"புதுசுதான் சார் போட்டோம். நம்ம பக்கம் புழுதி அப்படி. ஒரே வாரத்துல இந்தக் கதிக்கு வந்துரும்."

"யாருகிட்ட விடுற?"

ஃபில்டரைப் புரட்டினார். ஓரச் சட்டத்தில் மஞ்சள் நூல் ஒன்று, இறுக்கிய முடிச்சோடு.

"உங்க மேல எனக்கு முந்தியே சந்தேகம். அதான் வண்டியை விடுறதுக்கு முன்னாடி நானே கட்டி விட்டேன். ஏம்மா அனுசியா, உன் கடைக்குன்னு மஞ்சச் சேலை ஓட்டுறேன்ல, அந்தத் தறியில அறுத்த நூலு."

பக்கத்தில் நின்ற அனுசியா தலையாட்டினாள். அவளுக்குத் திருச்சுழியில் துணிக்கடை. சௌடப்பனுக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறி. அவரிடம்தான் அவள் சேலை எடுக்கிறாள். அவர் பேச்சை நம்பி, அதே கம்பெனி காருக்கு அட்வான்ஸ் கட்டத்தான் இன்று பஸ் ஏறி வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர் காரில் ஏறியதும் மெல்லக் கேட்டும் பார்த்தாள்.

"அண்ணே, காட்டன்னு வாங்கிட்டுப் போனவுக திருப்பிக் கொண்டாந்து போடுறாக. உடுத்துனா கசகசங்குதாம். கடையை மூடிருவேனோன்னு பயமா இருக்கு."

"நம்மது சுத்தப் பருத்திம்மா. வெயிலு அப்படி அடிக்குது, சேலை என்ன பண்ணும்?"

அதோடு பேச்சு முடிந்தது. வண்டியும் நின்றது.

சௌடப்பன் தன் போனை அவளிடம் நீட்டினார்.

"எல்லாத்தையும் வீடியோ எடு. ஜவுளிக்காரங்க குரூப்புல போடுறேன். இந்தக் கம்பெனி காரை இனி ஒரு பய வாங்கக் கூடாது."

மாரிக்கண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சார், கம்பெனி என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல வண்டியாத்தான் செஞ்சு விட்டான். நடுவுல உக்காந்து நீ கெடுக்குற. ஏமாந்தவன் உன் பேரையா சொல்லுவான்? கம்பெனி பேரைத்தான் சொல்லுவான். எங்கேயோ இருக்குறவன் பேரை இங்கேருந்து நாறடிக்கிற. வெக்கமா இல்ல?"

மாரிக்கண்ணன் உள்ளே போய் ஒரு கை நூல் குப்பையை அள்ளி வந்தான். கலர் கலராய்க் கிடந்தது. மஞ்சளும் இருந்தது.

"இதைப் பாருங்க சார். வேஸ்ட் நூலு. பசங்க கை துடைக்க மில்லுல இருந்து மூட்டையா வருது. இதுல ஒரு இழை ஃபில்டர்ல சிக்கியிருக்கும்."

"முடிச்சுப் போட்டுக்கிட்டா சிக்கும்?"

"மில்லு நூலுல முடிச்சு இருக்காதா? நீங்களே தறிக்காரர். இதுதான் உங்க நூலுங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

சௌடப்பன் ஃபில்டரைக் கையில் எடுத்தார்.

"தீப்பெட்டி கொண்டா."

"இங்க நெருப்பு கூடாது சார்."

"அப்ப வெளிய வா."

கேட்டுக்கு வெளியே எல்லாரும் வந்தார்கள். அனுசியா போனைப் பிடித்தபடியே வந்தாள்.

வேஸ்டிலிருந்து மஞ்சள் இழை ஒன்றை உருவிப் பற்ற வைத்தார் சௌடப்பன். குப்பென்று பிடித்தது. காகிதம் எரிந்த வாடை. விரலால் தொட்டார். சாம்பலாய் உதிர்ந்தது.

"இது பருத்தி. தெரியுதா?"

அடுத்து, ஃபில்டரில் இருந்த நூலை அறுத்துத் தீயைக் காட்டினார். அது சுருண்டது. உருகியது. நுனியில் கடுகு மாதிரி கறுப்பாய் ஓர் உருண்டை திரண்டது. பிளாஸ்டிக் வாடை மூக்கைப் பிடித்தது.

"பாத்தியா? உன் வேஸ்ட்டு சாம்பலாச்சு. இது உருகிப் போச்சு. ரெண்டும் ஒண்ணாடா? இது என் தறி நூலு. என் தறியில என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? இன்னும் மறுப்பியா?"

மாரிக்கண்ணன் தலையைத் தொங்கப் போட்டான்.

"தப்புதான் சார். புதுசு மாட்டித் தாரேன். காசும் வேண்டாம்."

"அப்படி வா வழிக்கு." சௌடப்பன் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினார். "எல்லாத்தையும் எடுத்தியாம்மா?"

அனுசியா அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எடுத்துட்டேண்ணே. திருச்சுழியில இப்ப அருப்புக்கோட்டைச் சேலையே வேண்டாங்குறாக. அவுக உங்க பேரையா சொல்றாக? ஊரு பேரைத்தான் சொல்றாக."

சௌடப்பன் கை நீட்டினார். குரல் இறங்கியிருந்தது.

"போனைக் குடும்மா."

"இருங்கண்ணே, இன்னும் ஓடுது. என் கடை மஞ்சச் சேலையும் இந்த நூலுதானான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சேத்தே குரூப்புல போட்டுருவோம்."