சீமைத் தூக்குவண்டி

சீமையிலிருந்து தூக்குவண்டி வந்திறங்கியதும், "தேயிலைப் பெட்டி தூக்க இனி ஆள் வேண்டாம்" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே செக்ரோல் பதிவேட்டில் பத்துப் பேரின் பெயரை வெட்டினார் அப்புத்தளைத் தோட்டத்துத் துரை. பெயர் இல்லாதவன் ஸ்டோருக்குள் கால் வைக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

மத்தியானம் ஸ்டோருக்குள் துரையின் குரல் கம்மியிருந்தது.

"கங்காணி, அந்தப் பத்துப் பேரையும் ஒடனே கூட்டிட்டு வா."

"பேரு வெட்டுன ஆளுங்க ஸ்டோருக்குள்ள வரக் கூடாதுங்களே தொரை," என்றார் கங்காணி முத்துக்கருப்பன், பணிவாக.

"அந்தச் சட்டம் இனி இல்ல."

"அப்ப செக்ரோல்ல தொரை கையால பேரு எழுதணுங்க."

"எழுதறேன். புத்தகத்தைக் கொண்டா."

"கொண்டாந்துட்டேங்க. எப்படிக் குடுக்கிறதுன்னுதான் தெரியலைங்க."

கங்காணி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வேலை செய்து காட்டுகிறேன் என்று ஏறி நின்ற துரையைக் கூரைவரை தூக்கிய வண்டி, இறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டிருந்தது.