நிறஞ்சலா வீட்டு நாலு பிரிட்ஜுகள்

பிரிட்ஜ்கூட இல்லாத ஏழை வீடுகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் உத்தியோகத்தர் பள்ளிமுனைக்கு வருகிறார் என்றதும், அமிர்தநாயகம் தன் பிரிட்ஜைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டு நிறஞ்சலாவிடம் ஓடினார். தனியாளான அவளுடைய வீட்டுப் பதிவு முதல்நாளே அலுவலகத்தில் முடிந்துவிட்டது. இனி அங்கே ஒருவரும் வரமாட்டார்கள். அதை நம்பி அந்த ஒழுங்கையில் இருந்த மற்ற மூன்று வீட்டுப் பிரிட்ஜுகளும் ஏற்கெனவே அங்கே வந்து நின்றன.

உத்தியோகத்தர் வீடு வீடாகப் போய், "பிரிட்ஜ் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு நேரே நிறஞ்சலா வீட்டுக்குள் நுழைந்தார். அமிர்தநாயகம் வேலியோரம் நின்று காது கொடுத்தார்.

"இந்த நாலும் ஆரின்ரை?"

"என்ரைதான், சேர்."

"அப்ப உங்களுக்குக் கொடுப்பனவு கிடையாது."

"பரவாயில்லை. எழுதுங்கோ."

தங்களைக் காப்பாற்ற ஒருத்தி தன் சோற்றையே விட்டுக்கொடுத்தாளே என்று அமிர்தநாயகத்துக்குக் கண் கலங்கியது. உத்தியோகத்தர் போனதும் மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு நன்றி சொல்லப் போனார்.

"பெரிய உதவி, பிள்ளை. பிரிட்ஜுகளைக் கொண்டுபோறம்."

"எந்தப் பிரிட்ஜ், அண்ணை? இல்லையெண்டெல்லோ கையெழுத்து வைச்சனீங்கள்?"

அமிர்தநாயகம் பிரிட்ஜில் வைத்த கையை எடுத்தார்.

"மீன்காரருக்கு ஐஸ் விக்கப்போறன். நாலையும் என்ரை பேரில எழுதத்தான் சேரைப் போனில கூப்பிட்டனான்" என்றாள் அவள். "உங்களுக்கும் ஐஸ் தேவையெண்டா வாங்கோ, அண்ணை. கொடுப்பனவு வந்தாப் பிறகு காசைத் தந்தாப் போதும்."