இரண்டாவது சைக்கிள்

"இதுக்குப் பேரு காப்பியா?"

ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார் திருநாவுக்கரசு. யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதென்று தலையில் துண்டைப் போர்த்தியிருந்தார். அந்த வயிறு யாருடையது என்று லிங்கித் தோட்டத்தில் மாட்டுக்குக்கூடத் தெரியும்.

"எப்படி முதலாளி இருக்கு?" என்றான் சைபுதீன், சைக்கிளில் கட்டியிருந்த தகர டின்னைத் தட்டிக்கொண்டே.

"கிளாஸ் அடியில கிடக்கிற சீனி கண்ணுக்குத் தெரியுது."

"சீனி போட்டிருக்கேன்னு ஒத்துக்கிறீங்கல்ல, அது போதும் லா."

ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையைச் சுற்றிச் சிரிப்பு.

திருநாவுக்கரசு கடைக் காப்பி அப்படியா? ஈ விழுந்தால் முழுகாது. நாலடி நடந்து கரையேறிவிடும். வாசனை புக்கிட் பெலண்டோக் வரை போய்விட்டுத் திரும்பும். இருபது வருஷக் கடை. பளிங்கு மேசை, பெஞ்சு, யார் யாருக்கு எப்படிக் கொடுக்கணுமோ அப்படிக் கொடுக்கிற ஒழுங்கு. அந்தக் கடையை ஒற்றைச் சைக்கிள்காரன் மூன்றே மாதத்தில் ஈயோட்ட வைத்துவிட்டான். இன்னொரு மாதம் இப்படியே போனால் கடைப் பலகையைச் சாத்திவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

விலையும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

"ஒண்ணும் புரியலையேடா தங்கராஜு!"

கடையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த வேலையாள் தங்கராஜு சொன்னான்: "அவன் ஆளுங்க இருக்கிற இடத்துக்கே போறான், முதலாளி. நாம கூப்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்."

"அதான் சங்கதி! எடுடா ஒரு சைக்கிள்!"

தங்கராஜு சைக்கிள் பழகிய நாலு நாளில், ஆற்றுக்குள் சைக்கிளை விட்ட அவனை லிங்கி முதலைகள் இரண்டு முறை கரையில் தூக்கிப் போட்டன. ஐந்தாம் நாள் சைபுதீனுக்குப் பக்கத்திலேயே போய் நின்றான். பெரிய டின், பெரிய மணி, கெட்டிக் காப்பி, பாதி விலை. முதலாளியும் கூடவே நின்றார்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தார். தங்கராஜுவிடம் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான். மரம் வெட்டிப் பாலோடு வந்தவர்கள் அத்தனை பேரும் சைபுதீனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பால் வாளியோடு போன முத்தாயியைத் திருநாவுக்கரசு நிறுத்தினார்.

"ஏன் முத்தாயி, என் காப்பியில என்ன குறை?"

"குறையா? உங்க காப்பிதாங்க காப்பி."

"விலை?"

"பாதிதான்."

"பெறவு ஏன் அந்தக் கழுநீருக்குப் போய் நிக்கிற?"

முத்தாயி வாளியை இறக்கி வைத்தாள். தங்கராஜுவின் சைக்கிளில் கயிறு கோத்துத் தொங்கிய கொட்டாங்கச்சிகளைப் பார்த்தாள்.

"சைபுதீன் நானா, வேலை வாங்குற மண்டோர் குடிச்ச கிளாஸையே கழுவி என் கையிலயும் தர்றாருங்க. உங்ககிட்ட எங்களுக்குன்னு அது தொங்குது."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திருநாவுக்கரசு சைக்கிளருகே குனிந்தார். கொட்டாங்கச்சிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளருகே போனார். அந்தப் பழைய கொட்டாங்கச்சிகளை ஒன்றுவிடாமல் கழற்றித் தூர எறிந்தார்.

"புரிஞ்சுபோச்சுடா தங்கராஜு! இன்னிக்குப் பாரு, முத்தாயி முதல் ஆளா வருவா."

சொல்லிக்கொண்டே, நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிய புதுக் கொட்டாங்கச்சிகளைத் தன் கையாலேயே கோத்துக் கட்டினார்.