எதிர்வீட்டில் பினாங்கு

பினாங்குக்குப் புறப்பட்டுப் போய்விட்ட தணிகாசலம், எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய சொந்த வீடு. மனைவி அம்சவேணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரம்தான், ஆனால் அந்தப் படியை அவன் மிதிக்கக் கூடாது.

பரஸ்தானம் என்று ஒரு வழக்கம். பயண நாளில் நல்ல நேரம் அமையாவிட்டால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில் பெட்டியோடு இன்னொரு வீட்டில் போய் இருந்துகொள்ள வேண்டும். கிளம்பியது கிளம்பியதாகவே கணக்கு. நடுவில் தன் வீட்டுப் படியேறினாலோ, தன் வீட்டு அடுப்பில் வெந்ததைத் தின்றாலோ பயணம் கெட்டது.

ஒருநாள், இரண்டு நாள் என்றால் யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். தணிகாசலம் ஆவணி பிறந்ததுமே கிளம்பியவன். கப்பலோ ஐப்பசியில்.

எல்லாம் போன வருஷம் பட்ட சூடு. பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த மாமன் வேலைக்குக் கூப்பிட்டார். பாஸ்போர்ட்டுக்காக ஓர் ஆபீசுக்குப் போனால், "உங்க சத்தியவேடு ஆந்திராவுக்குப் போகப்போவுது, அங்க போய்க் கேளு" என்றார்கள். அங்கே போனால், உங்கள் ஊர் இன்னும் எங்களிடம் வந்து சேரவில்லை என்று தெலுங்கில் விரட்டினார்கள். இரண்டு ராஜ்யமும் அவனைப் பந்தாடி முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது.

இந்தத் தடவை எதையும் கடைசி நேரத்துக்கு வைப்பதில்லை என்று அவன் முடிவு கட்டினான். பாஸ்போர்ட் எடுத்தான், அம்மை குத்திக்கொண்டான், கப்பல் சீட்டு வாங்கினான், டிரங்குப் பெட்டிக்குப் புதுப் பூட்டுகூட வாங்கியாயிற்று. குழந்தைக்கு மொட்டை போடத் திருப்பதிக்குப் போன அம்சவேணி, அங்கேயே ஒரு ஜோசியரிடம் நாளும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆவணி மொத வாரத்த உட்டா, கப்பலு போற வரிக்கும் உன் ராசிக்கு நாளே இல்லியாம் மாமா. நீதான் எல்லாத்தியும் முன்னாடியே பண்ணணும்னு சொல்லிக்கினு இருக்கியே?"

அவளுடைய நைனா ரங்கூனுக்குப் போனவர், போனவர்தான். அதனால் இவள் அழுது ஊரைக் கூட்டுவாள் என்று தணிகாசலம் பயந்துகொண்டிருந்தான். அவளோ பெட்டியைத் தானே சுமந்து வந்து எதிர்வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. எதிர்வீட்டுத் திருவேங்கடத்தின் குறட்டையில் கூரை எகிறியது. அவன் மனைவி லட்சுமம்மா தினம் தினம் கீரையையே கடைந்து போட்டாள். தெருவில் போகிறவர்கள், "இன்னாப்பா, பினாங்குல மழையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். இந்தக் கப்பலோடு மலேயாவுக்குள் போகும் அனுமதி முடிகிறது. இதை விட்டால் பினாங்கை மறந்துவிட வேண்டியதுதான், வானம் பார்த்த அரைக்காணி நிலத்தோடு ஆயுசுக்கும் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பொறுக்க முடியாதது கருவாட்டுக் குழம்பு. அம்சவேணி இதற்கு முன்னால் மாதத்துக்கு ஒருமுறை வைத்தால் பெரிது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தெருவே மணத்தது.

"ஏமே, ஒரு கிண்ணம் குடுத்தனுப்புடி!"

"ஐயையோ! நம்ம அடுப்புல வெந்தத துன்னா பயணம் கெட்டுப்பூடும் மாமா. பல்லக் கடிச்சுக்கினு இரு."

ஆவணி முடிகிற சமயம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே லட்சுமம்மா புருஷனிடம் பொரிந்து தள்ளுவது தணிகாசலத்தின் காதில் விழுந்தது.

"இந்த ஆளு பினாங்குக்குப் போறானா, இல்ல நம்ம ஊட்லயே காலத்த ஓட்டப் போறானா?"

அவனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தான். மழையில் தெருவைக் கடந்தான். தன் வீட்டுப் படியேறி, பெட்டியைத் தடாலென்று போட்டான்.

"கப்பலும் வேணா, ஒரு மண்ணும் வேணா. சோத்தப் போடு!"

"படியேறிட்டியே மாமா! எல்லாம் போச்சே!" என்று அம்சவேணி அலறினாள். அலறிக்கொண்டே தட்டையும் வைத்தாள்.

ஐப்பசியில் கப்பல் தணிகாசலம் இல்லாமலே புறப்பட்டது. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு வாய்க் குழம்புக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டோமே என்று வயிறு எரிந்தது.

"பாழாப்போன ஜோசியக்காரன்! கப்பலுக்கு முந்தின நாளு ஒரு நல்ல நேரம் பாத்துக் குடுத்திருந்தான்னா, இந்நேரம் நான் கப்பல்ல போய்க்கினு இருப்பேன்."

அம்சவேணி குழந்தையை இடுப்பில் சரிசெய்துகொண்டு, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"அவரு முந்தின நாளுதான் மாமா பாத்துக் குடுத்தாரு."