பங்குக் கறி

எதுவிகிஸின் ஆறு பன்றிகளையும் அதிகாரிகள் கொன்று குழியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தஹபோன் வட்டாரம் முழுக்க ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல். ஒன்றுக்கு வந்தாலும் தொழுவத்தையே காலி செய்யவேண்டும் என்பது உத்தரவு.

பக்கத்து வீட்டு நெரெய்தாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

“உனக்கு மட்டும் மூக்குல வேர்த்துடுச்சுக்கா” என்றாள் எதுவிகிஸ் அழுகைக்கு நடுவே. “போன வாரமே உன் பன்னிய அடிச்சு ஊருக்கே பங்கு குடுத்துட்ட. எங்க வயித்துப்பாடே இதுங்கதான்.”

“தொழுவத்துக்குள்ள வெளியாளுங்களை விட்டீங்களா?” என்று கேட்டார் கால்நடை டாக்டர்.

“ஈ, காக்கா நுழையல டாக்டர்.”

“பன்னிக்கறி மிச்சம் மீதி போட்டீங்களா? நோய்ப்பட்ட கறிய மனுஷன் தின்னா ஒண்ணும் ஆகாது. பன்னி ஒரு துண்டு தின்னாலும் தொழுவமே போயிடும்.”

எதுவிகிஸ் தலையாட்டி மறுத்தாள். டாக்டர் நகர்ந்ததும் நெரெய்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோச்சுக்காதக்கா. பையன் காலு குணமாகுற வரைக்கும் வீட்ல கறி சேக்கறதில்லன்னு மாதாவுக்கு வேண்டியிருந்தேன். நீ ஆசையா அனுப்புன பங்கைத் திருப்பியனுப்ப மனசு வரல. அப்படியே பன்னித் தொட்டியில கொட்டிட்டேன். உன் பன்னி நல்லாத்தானே இருந்துச்சு? அதான் டாக்டர்கிட்ட சொல்லல.”

நெரெய்தாவின் பன்றி இரண்டு நாள் தீனி எடுக்காமல் படுத்தே கிடந்தது. அதிகாரிகளுக்குத் தெரிந்தால் அவ்வளவு கறியும் மண்ணுக்குள் போகுமே என்றுதான் அவள் அவசரமாக அடித்தாள். பன்னிரண்டு வீடுகளுக்குப் பங்கு போயிருந்தது.

“கோவமாக்கா?” என்று கெஞ்சினாள் எதுவிகிஸ். “மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு.”